இருபது மில்லிமீட்டர் போதும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்விஃப்ட் வாங்கிய நாளிலிருந்து அந்த வளைவுகளில் எனக்கு ஒரு சங்கடம். ஸ்டீயரிங்கைத் திருப்புவேன், வண்டியும் திரும்பும். ஆனால் நான் திருப்பியதற்கும் அது திரும்பியதற்கும் நடுவே ஒரு கணம் தொங்கி நிற்கும். அந்தக் கணத்தில் உடம்பு வெளிப்பக்கம் சாயும். பின்சீட்டில் அம்மா மேல்பிடியைத் தேடுவார். மெக்கானிக் பார்த்துவிட்டு வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான். டயர் ஒல்லி, அதன் பக்கச்சுவர் உயரம். அவ்வளவே.

என்னுடையது அடிப்படை மாடல். கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14. அதே ஸ்விஃப்ட்டின் உயர் மாடலில் 185/65 ஆர்15 போட்டிருந்தார்கள். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. அதாவது 132 மில்லிமீட்டர். 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ரிம்மின் 355.6 மில்லிமீட்டரோடு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பக்கச்சுவரைக் கூட்டினால் டயரின் முழு விட்டம் 619.6. அதே கணக்கை 185/65 ஆர்15-க்குப் போட்டால் 621.5. இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ரிம் ஒரு அங்குலம் பெரிதாகிறது, டயர் 20 மில்லிமீட்டர் அகலமாகிறது, பக்கச்சுவர் 12 மில்லிமீட்டர் குட்டையாகிறது. உருளும் வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அகல டயர் போட நினைப்பவர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதைத்தான்: அகலத்தைக் கூட்டுங்கள், விட்டத்தில் கை வைக்காதீர்கள்.

என் சித்தப்பா மகன் கை வைத்தான். அவனுடையதும் ஸ்விஃப்ட்தான். ஒரு டயர் கடையில், வண்டி தூக்கலாகத் தெரியும் என்று சொல்லி 205/65 ஆர்15 மாட்டி அனுப்பிவிட்டார்கள். விட்டம் 647.5 மில்லிமீட்டர், கம்பெனி அளவைவிட நான்கரை சதவீதம் அதிகம். மீட்டர் முள் பழைய இடத்தில் நிற்கும்போதே வண்டி முன்பைவிட நான்கரை சதவீதம் வேகமாகப் போகும். சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருள்வதால் மேட்டில் இழுவை குறையும். இரண்டாம் கியரில் ஏறிய இடம் முதல் கியரைக் கேட்கும். நான்கு பேர் ஏறி டிக்கியில் பைகளையும் வைத்துவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் 'சர்ர்' என்று ஒரு சத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, வீல் ஆர்ச்சுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பாக இருக்கவேண்டிய இடம் உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது. விரலில் கறுப்புப் பொடி. கழற்றி வைத்த டயரைத் திருப்பினால், தோள்பட்டையில் சுற்றிலும் ஒரு பளபளப்புக் கோடு. "ஒண்ணும் ஆகாதுன்னு கடையில சொன்னாங்களேண்ணா" என்றான். அந்தக் கோடு இன்னும் ஆழமாகியிருந்தால், நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவனும் அந்த வாரமே மாற்றிவிட்டான்.

நான் வெளிச்சந்தை அலாய் பக்கம் போகவில்லை. உயர் மாடலிலிருந்து கழற்றி விற்ற கம்பெனி அலாய் நான்கைத் தேடிப்பிடித்தேன். ரிம் என்றால் அங்குலம் மட்டும் பார்த்தால் போதாது. நட்டுகள் உட்காரும் வட்டம் ஸ்விஃப்ட்டுக்கு 100 மில்லிமீட்டர். நடு ஓட்டை 54.1. எல்லாவற்றுக்கும் மேல், சக்கரம் எவ்வளவு உள்வாங்கி உட்காருகிறது என்பது. அது தவறினால் சக்கரம் உடம்பைத் தாண்டி வெளியே துருத்தும், சேறு கதவெல்லாம் அடிக்கும், வீல் பேரிங் சீக்கிரம் சத்தம் போடும். கம்பெனி அலாய் போட்டால் இந்தக் கவலை எதுவும் இல்லை.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் இன்னும் இரண்டு எண்களைப் படியுங்கள். ஒன்று, எடை எண். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560. பழையதைவிட இது குறையவே கூடாது. மற்றொன்று, ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. எனக்கு முதலில் எடுத்துவந்த நான்கில் ஒன்று மூன்று வருடப் பழசு. டார்ச் அடித்துப் பார்த்ததால் தெரிந்தது, மாற்றிக்கொண்டேன்.

மாட்டியபின் ஏற்காடு போனோம். முதல் வளைவிலேயே தெரிந்தது. கை திருப்பியதும் வண்டியின் மூக்கு கூடவே திரும்பியது. தொங்கி நின்ற அந்தக் கணம் இல்லை. அம்மா ஜன்னல் வழியே குரங்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங் சற்றுக் கனக்கிறது. குட்டைப் பக்கச்சுவர் என்பதால் குழியில் விழுந்தால் அடி முதுகுக்கு வருகிறது. மைலேஜ் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்தது. மழையில் அகல டயர் கூடுதலாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தேங்கிய தண்ணீரில் அது நேர்மாறு. டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் முடிவுசெய்வது வண்டியின் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். அகல டயரில் அந்தப் பரப்பு அகலத்தில் கூடி நீளத்தில் குறைகிறது. அதனால் வளைவில் பிடி கூடுகிறது. ஆனால் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் வேலையும் கூடுகிறது, ஒல்லி டயரைவிடக் குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. மழை என்றால் இப்போது முன்பைவிட மெதுவாகத்தான் போகிறேன்.

ஆல்டோ வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். அதன் 145/80 ஆர்12-க்கு 155/65 ஆர்13 ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்குள் பொருந்தும். ஆனால் ஊருக்குள் ஓடும் ஆல்டோவுக்கு இது தேவையா? பவர் ஸ்டீயரிங் இல்லாத மாடல் என்றால் கை வலிதான் மிஞ்சும். அதே அளவில் புத்தம்புது நல்ல ரப்பர் வாங்கிப் போடுங்கள். தேய்ந்த டயரில் ஓட்டியவருக்கு அந்த வித்தியாசமே பெரிதாகத் தெரியும்.

கம்பெனியின் குறிப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. அதே காரின் உயர் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவோடு நான் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அலாய் பற்றிய விவரத்தை இன்சூரன்ஸிலும் சேர்த்துவிட்டேன்.

ஸ்டெப்னியை மாற்றவில்லை. வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் பிறந்த உபரிச் சக்கரத்தின் பெயரைத்தான் நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். டிக்கியில் இருப்பது பழைய 165/80 ஆர்14. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், பஞ்சரானால் அதை மாட்டி மெதுவாக அடுத்த கடைவரை போய்விடலாம். மாதம் ஒருமுறை காற்று பார்க்கும்போது அதையும் வெளியே எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.