வீட்டுக்குள் ஓடும் குட்டித் தேர்!

குட்டீஸ்! முதலில் ஒரு விடுகதை.

வண்டிதான், ஆனால், இழுக்க மாடு கிடையாது. சக்கரம் மூன்று உண்டு. ஆனால், ஏறி உட்கார இடம் கிடையாது. ஓட்டுகிறவருக்கு வயது ஒன்றுதான். லைசென்ஸ் தேவையே இல்லை! அது என்ன?

கண்டுபிடித்து விட்டீர்களா? நடைவண்டி!

பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்துக்கு அருகில் இருக்கிறது, ஸ்ரீமுஷ்ணம். அங்குள்ள பூவராக சுவாமி கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு சுற்று வட்டார கிராமங்களில் இருந்தெல்லாம் மக்கள் வருவர். அந்தப் பெரிய தேருக்கும், நம் வீட்டு நடைவண்டிக்கும் ஒரு சொந்தம் உண்டு. இரண்டும் தச்சர் கையில் பிறந்தவை. இரண்டிலும் ஒரே சிக்கல்தான்... ஓட ஆரம்பித்து விட்டால், நிறுத்துவது கஷ்டம்!

உங்கள் வீட்டில் குட்டித் தம்பியோ, தங்கையோ இருக்கிறார்களா? அத்தை வீட்டில், சித்தி வீட்டில் பாப்பா பிறந்திருக்கிறதா? அப்படியானால், இந்தக் குட்டித் தேரை நீங்களே செய்து பரிசாகக் கொடுக்கலாம். எப்படி என்று பார்ப்பதற்கு முன், அதன் கதையைக் கொஞ்சம் தெரிந்து கொள்வோமா?

2,000 ஆண்டு பழைய வண்டி!

நடைவண்டி நேற்று வந்த பொருள் அல்ல. சங்க இலக்கியமான பத்துப்பாட்டிலேயே அது ஓடிக் கொண்டிருக்கிறது!

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை, பட்டினப்பாலை என்று இரண்டு பாடல்கள் உண்டு. இரண்டையும் பாடியவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

பெரும்பாணாற்றுப்படையில், தச்சுவேலையில் அழகாக உருவான ஒரு குட்டித் தேர் வருகிறது. ஏறி ஓட்ட முடியாத தேர் அது. நடை பழகும் குழந்தைகள் அதை உருட்டிக் கொண்டே தள்ளாடித் தள்ளாடி நடக்கின்றனர். களைத்துப் போனதும், பால் குடித்துவிட்டுத் தூங்கி விடுகின்றனர். இன்றைக்கு நம் வீட்டுப் பாப்பா செய்வதும் இதைத்தானே!

பட்டினப்பாலையில் வருவது இன்னும் வேடிக்கை. காவிரிப்பூம்பட்டினத்தில், முற்றத்தில் காயப் போட்ட உணவைக் கொத்த வருகிறது ஒரு கோழி. காவலுக்கு இருந்த பெண், கையில் கல் கிடைக்காததுபோல, காதில் இருந்த கனமான குழையைக் கழற்றி வீசுகிறாள். அது போய் விழுந்த இடம், ஒரு சிறுவன் உருட்டி வந்த மூன்று சக்கரச் சிறுதேரின் பாதை! தேர் நின்று விட்டது. இதைத் தவிர வேறு பகை எதுவும் அந்த ஊருக்குத் தெரியாதாம். அவ்வளவு செழிப்பு!

பிற்காலத்தில் வந்த பிள்ளைத்தமிழ் நூல்களிலும், ஆண் குழந்தைக்கு உரிய பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்தின் பெயர் என்ன தெரியுமா? சிறுதேர்ப் பருவம்!

ஏன் மூன்று சக்கரம்?

நாலு கால் ஸ்டூலை மேடு பள்ளமான தரையில் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கால் தூக்கிக் கொண்டு ஆடும். மூன்று கால் ஸ்டூலைப் போடுங்கள். ஆடவே ஆடாது! மூன்று புள்ளிகள் எங்கே இருந்தாலும், அவை மூன்றையும் தொடும்படி ஒரு சமதளம் அமைந்து விடும். நாலாவது புள்ளி வந்தால்தான் தொல்லை.

அந்தக் காலத்து மண் தரையிலும், சாணம் மெழுகிய முற்றத்திலும் மூன்று சக்கர வண்டி ஆடாமல் ஓடியதன் ரகசியம் இதுதான். ஆனால், மூன்று சக்கரத்துக்கு ஒரு குறையும் உண்டு. திருப்பத்தில் பக்கவாட்டில் சாய்ந்து விடும். அதனால்தான் பின்சக்கரங்களை அகலமாகவும், அடிப்பலகையைத் தாழ்வாகவும் வைக்கின்றனர்.

வாக்கர் நல்லதா, நடைவண்டி நல்லதா?

கடைகளில் பிளாஸ்டிக் வாக்கர் பார்த்திருப்பீர்கள். நடுவில் துணி இருக்கை. அதில் பாப்பாவை உட்கார வைத்து விடுவர். பாப்பா கால் விரலால் தரையை உந்தினால் போதும், வாக்கர் சர்ரென்று ஓடும். ஒரே விநாடியில் மூன்று அடிக்கும் அதிகமாகப் போய்விடும். பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் ஓடி வந்து பிடிப்பதற்குள், பாப்பா மாடிப்படியில் உருண்டு விடலாம், அடுப்படிக்குப் போய்விடலாம்.

இப்படி விபத்துகள் நடந்ததால், கனடா நாடு 2004ல் இந்த வகை வாக்கர்களை விற்கவே தடை போட்டு விட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும், 'இதனால் குழந்தை சீக்கிரம் நடந்து விடாது. தாமதமாகக் கூட நடக்கலாம்' என்று எச்சரிக்கிறது.

நடைவண்டியில் உட்கார முடியாது. பாப்பா தன் காலில்தான் நிற்க வேண்டும். தன் எடையைத் தானே தாங்க வேண்டும். விழாமல் சமாளிக்க வேண்டும். வண்டி பிடித்துக் கொள்ளத்தான் உதவும். நடப்பது பாப்பாவின் வேலை. இதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

இன்னொரு விஷயம்... பாப்பாவை அவசரப்படுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனம், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து, 2006ல் ஒரு முடிவை வெளியிட்டது. தனியாக நடக்கும் வயது, சுமார் 8 மாதத்தில் இருந்து 17 மாதத்துக்கு மேல் வரை குழந்தைக்குக் குழந்தை மாறுமாம்! எனவே, பாப்பா தானாக எதையாவது பிடித்து எழுந்து, உறுதியாக நிற்கத் தொடங்கிய பிறகே நடைவண்டியைக் கொடுக்க வேண்டும்.

முட்டுக்கட்டை ரகசியம்

'எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடாதே' என்று வீட்டில் திட்டுவார்களே, அந்த முட்டுக்கட்டை எங்கிருந்து வந்தது தெரியுமா? தேரில் இருந்துதான்! தேர்ச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஆப்பு போன்ற மரக்கட்டைதான் அது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்தால், தேர் திரும்பும். எல்லாப் பக்கமும் கொடுத்தால், நிற்கும். திருவாரூரின் பிரமாண்டமான ஆழித்தேருக்கு, திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே செய்து கொடுத்திருக்கிறது.

நம் குட்டித் தேருக்கும் பிரேக் தேவை. மண் தரையில் தானாகவே நிதானமாகப் போன வண்டி, இன்றைய டைல்ஸ் தரையில் வழுக்கிக் கொண்டு ஓடும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, சக்கரத்தைச் சுற்றி ஒட்டுவது. இரண்டு, அடிப்பலகையின் முன்பக்கத்தில் எடை வைப்பது. ரப்பர் தரையைப் பிடித்துக் கொள்ளும். எடை வேகத்தைக் குறைக்கும்.

செய்யலாம், வாங்க!

ரம்பம், டிரில்லிங் மெஷின் வேலைகளை அப்பா, தாத்தா, மாமா அல்லது தெரிந்த ஆசாரி யாராவதுதான் செய்ய வேண்டும். அளப்பது, கோடு போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, போல்ட் முடுக்குவது எல்லாம் உங்கள் வேலை.

தேவையானவை: முக்கால் அங்குல கனமுள்ள பிளைவுட் அல்லது மரப் பலகை, ஒன்றரை அங்குலச் சட்டங்கள், கைப்பிடிக்கு ஓர் அங்குலத்துக்கு மிகாத உருண்டைக் குச்சி, போல்ட், நட்டு, வாஷர், திருகாணிகள், மரப் பசை, உப்புத்தாள், பழைய சைக்கிள் டியூப்.

மரம் வாங்கப் பணம் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். மரப் பட்டறைகளில் துண்டுக் கட்டைகள் கிடைக்கும். வேம்பு, பலா, பூவரசு எதுவானாலும் சரி. பூச்சி அரிக்காத, நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். பார்சல் வரும் மரப் பெட்டிகளை உடைத்துப் பயன்படுத்துவதானால், அதில் உள்ள முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம். 'எம்.பி.' என்றிருந்தால், நச்சு வாயு அடித்த மரம். அது பாப்பாவுக்கு வேண்டாம்.

1. பாப்பாவை அளந்து கொள்ளுங்கள். நிற்கும்போது, தரையில் இருந்து இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே எவ்வளவு உயரம்? அதுதான் கைப்பிடியின் உயரம். பெரும்பாலும் ஒன்றரை அடி வரும்.

2. ஒன்றரை அடி நீளம், பின்பக்கம் ஓர் அடி அகலம் இருக்கும்படி முக்கோண வடிவில் அடிப்பலகையை வெட்டச் சொல்லுங்கள். கூர் முனையை மழுக்கி விட வேண்டும்.

3. நாலு அங்குல விட்டத்தில் மூன்று சக்கரங்கள் வேண்டும். இதற்கு பிளைவுட் நல்லது. மரம் எப்போதும் அதன் ரேகை வழியாகத்தான் பிளக்கும். பிளைவுட்டில் ஓர் அடுக்கின் ரேகை ஒரு திசையிலும், அடுத்த அடுக்கின் ரேகை குறுக்கேயும் போவதால், சுலபத்தில் பிளக்காது.

4. அடிப்பலகையின் கீழே, பின்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம் பொருத்தி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்களைப் போல்ட்டில் மாட்டுங்கள். முன்பக்கம் இரண்டு சிறு கட்டைகளுக்கு நடுவே மூன்றாவது சக்கரம். சக்கரத்தின் இரண்டு பக்கமும் வாஷர் அவசியம்; அப்போதுதான் மரத்தில் உரசாமல் சுற்றும்.

5. பின்பக்கம் இரண்டு சட்டங்களை நிறுத்தி, மேலே உருண்டைக் குச்சியைக் குறுக்கே பொருத்தினால், கைப்பிடி தயார். கைப்பிடி, பின்சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் வரக் கூடாது. வந்தால், பாப்பா பிடித்துத் தொங்கும்போது வண்டி மல்லாந்து விடும்!

6. நிற்கும் சட்டத்தின் மேல் பகுதியில் இருந்து அடிப்பலகையின் முன்பக்கத்துக்கு, இரு புறமும் ஒரு சாய்வுச் சட்டம் கொடுங்கள். இப்போது பக்கத்தில் இருந்து பார்த்தால், முக்கோணம் தெரியும். நாலு குச்சிகளைக் கட்டிச் சதுரம் செய்து அழுத்திப் பாருங்கள், சாய்ந்து விடும். மூன்று குச்சி முக்கோணம் சாயவே சாயாது!

7. உப்புத்தாளை மர ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைசான தாள். மூலைகளை எல்லாம் உருட்டி விடுங்கள். பழைய துணியால் தடவிப் பாருங்கள். துணி எங்காவது மாட்டினால், அங்கே சிலாம்பு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தேய்க்க வேண்டியதுதான்!

8. டியூப் பட்டையைச் சக்கரத்தில் ஒட்டுங்கள். கெட்டியாகத் தைத்த இரண்டு கிலோ மணல் பையை, முன்பக்கப் பலகையில் நழுவாமல் கட்டுங்கள்.

பெயின்ட் அடிக்கலாமா? பாப்பா எதையும் வாயில் வைத்துக் கடிக்கும். பழைய பெயின்டுகளில் இருந்த ஈயம், மூளை வளர்ச்சியைப் பாதிக்கக் கூடியது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று, 2016ல் விதி வந்தது. எனவே, வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டப்பாவைத் தொடாதீர்கள். பெயின்டே அடிக்காமல் வழவழவென்று தேய்த்து விட்டாலே அழகுதான்.

பரீட்சை வைங்க!

பாப்பா கையில் கொடுக்கும் முன், வண்டிக்கு ஐந்து பரீட்சைகள்:

* கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். முன்சக்கரம் சுலபமாகத் தூக்கினால், எடை போதாது.

* பக்கவாட்டில் தள்ளுங்கள். சாய்ந்தால், பின்சக்கரங்களை இன்னும் அகலப்படுத்த வேண்டும்.

* டைல்ஸ் தரையில் ஒரு தள்ளு தள்ளி விடுங்கள். இரண்டு எட்டுக்குள் நிற்க வேண்டும்.

* பாப்பாவின் விரல் நுழைந்து மாட்டும் இடைவெளி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

* எல்லா நட்டும் இறுக்கமாக இருக்கிறதா? இந்தச் சோதனையை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும்.

வண்டி பாஸ் ஆகி விட்டாலும், பாப்பா நடக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மாடிப்படி, வாசற்படி இருக்கும் பக்கம் கூடவே கூடாது.

ஒரு பெயர், ஒரு தேதி

பீங்கான் பொம்மை அலமாரியில் இருக்கும் வரை அழகு. பாப்பா கைக்குப் போனால், அரை நிமிடத்தில் தூள்! மர வண்டி அப்படி அல்ல. கீழே விழும், சுவரில் மோதும், மழையில் கூட நனையும். நட்டை முடுக்கி, உப்புத்தாள் போட்டால், அடுத்த பாப்பாவுக்கு ரெடி!

பாப்பா நாலைந்து மாதத்தில் நடக்கப் பழகி, வண்டியை விட்டு விட்டு ஓடி விடும். அப்போது, 'கஷ்டப்பட்டுச் செய்தோமே' என்று வருத்தப்படாதீர்கள். பாப்பாவுக்கு வண்டி தேவைப்படவில்லை என்றால், உங்கள் பரிசு தன் வேலையைச் செய்து முடித்து விட்டது என்று அர்த்தம்!

அதனால், அடிப்பலகையின் கீழே பாப்பாவின் பெயரையும், தனியாக முதல் எட்டு எடுத்து வைத்த தேதியையும் எழுதி வையுங்கள். அதன் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். சித்தி வீட்டுப் பாப்பா, மாமா வீட்டுப் பாப்பா என்று இன்னும் எத்தனை பெயர்கள் வரப் போகின்றனவோ!

என்ன குட்டீஸ், அளவு நாடா எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்து விட்டீர்களா?