உடைந்த முழங்கால் சில்லைத் தாங்கும் கம்பி

விடிகாலை ஈரத்தில் மேட்டு நிரைகளில் ஏறி இறங்கும்போது கால் வழுக்கி, முழங்கால் கல்லில் மோத விழுவதுண்டு. பெரும்பாலும் அது சிராய்ப்போடு போய்விடும். சில வேளைகளில் முழங்காலின் முன்னுள்ள சில்லு உடைந்துவிடும். முழங்கால் வீங்கி, காலை நேராக நீட்டித் தூக்க முடியாமற்போனால், நாம் தைலம் தடவிக்கொண்டு வீட்டில் இருத்தலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

சில்லு வெறும் மூடியன்று. தொடையின் முன்தசைகள் அதனை மேலே இழுக்கின்றன. வலிய நாண் ஒன்று அதனைக் கீழே கணைக்கால் எலும்போடு பிணைக்கின்றது. ஆகவே சில்லு குறுக்கே உடைந்து விலகினால், தசை மேல் துண்டைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். விலகாத உடைவுக்கு மாவுக்கட்டு போதுமானதாகலாம். விலகியதற்குப் பொதுவாக அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

எலும்பைச் சுற்றிக் கம்பி கட்டுதல் ஒரு முறை. இரு ஊசிக்கம்பிகளை நெடுக்கே செலுத்தி, முன்புறத்தில் எட்டு வடிவமாகக் கம்பி பிணைத்தல் மற்றொரு முறை. உள்ளே துளையுடைய திருகாணிகளைச் செலுத்தி, அத்துளைகளின் வழியே கம்பி கோத்துக் கட்டுதல் பிறிதொரு முறை.

இவற்றுள் எது உறுதியானது? இதனை அறிய, இறந்தோர் உடலிலிருந்து பெற்ற முழங்கால்களை ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர். சில்லைக் குறுக்கே அறுத்து, ஒவ்வொரு முறையிலும் பிணைத்து, தொடை நாணை இழுத்துத் துண்டுகளிடையே தோன்றும் இடைவெளியை அளக்கின்றனர். 1980ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், சுற்றிக் கட்டிய கம்பியைவிட ஊசிக்கம்பியோடு சேர்ந்த எட்டு வடிவக் கட்டே துண்டுகளை நன்கு இறுக்கிப் பிடித்தது. 1997ஆம் ஆண்டு ஆய்வில் அந்த எட்டு வடிவக் கட்டு சராசரியாக 395 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 40 கிலோ எடையின் இழுவிசையில் தளர்ந்தது. துளைத் திருகாணியும் கம்பியும் சேர்ந்த கட்டோ 732 நியூட்டன், ஏறத்தாழ 75 கிலோ வரை தாங்கியது.

ஆயினும் எந்தக் கட்டுக்கும் ஓர் எல்லை உண்டென்பதை இவ்வெண்களே காட்டுகின்றன. மங்கைத் தாங்கும் கம்பியை ஒரே இடத்தில் பன்முறை வளைத்தால் அது முறிந்துவிடுவதை நாம் அறிவோம். முழங்காலில் இட்ட கம்பியும் அத்தகையதே. ஆய்வு மேசையிலுள்ள எலும்பு ஒருபோதும் கூடாது. நம் எலும்போ வாரக்கணக்கில் மெல்லக் கூடும். அதுவரை பாரத்தைத் தாங்குவதே கம்பியின் பணி.

ஆதலால், வலி குறைந்துவிட்டதென்று குந்தி அமர்வதும், பால் வாளி சுமந்து மேடேறுவதும் கூடா. அச்சத்தால் காலை அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். எப்போது மடக்கலாம், எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவர் சொற்படி நடந்து அறிவோம். கம்பி தன் கடமையைச் செய்ய, நாம் பொறுமை காப்போமாக.