கோப்பினைக் காக்கப் பழக்கும் ஓர் எளிய விளையாட்டு

எழுதுதல் ஒரு தொழில். எழுதியதைக் காத்தல் மற்றொரு தொழில். இவ்விரண்டும் வேறென்பதைச் சிதம்பரத்தின் பழைய வரலாறொன்று நமக்கு நன்குணர்த்தும். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையுள் அடைபட்டுக் கிடந்தன என்றும், சோழ வேந்தனும் நம்பியாண்டார் நம்பியும் அதனைத் திறப்பித்த காலத்துப் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். அவ்வேந்தன் முதலாம் இராசராசன் (985–1014) என்பர். பாடினோர் குறையன்று, வைத்தோர் மறதியே அவ்விழப்பிற்குக் காரணமாயிற்று.

ஏட்டிற்குக் கறையான் எவ்வாறோ, கணினிக் கோப்பிற்கு மின்தடையும் மறதியும் அவ்வாறே. நம் மாணாக்கருட் பலர் கைபேசியில் எழுதிப் பழகியவர். அது பெரும்பாலும் தானே சேமித்துக்கொள்ளுதலின், எழுதியது எங்கே தங்குகின்றதென அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. பின்னர்க் கணினியின் முன் அமரும்பொழுது இடர் தோன்றுகின்றது. ஒரு வாரம் உழைத்த கட்டுரை ஒப்புவிக்கும் நாளில் காணாமற்போகின்றது. மாணாக்கர் உண்மையே உரைப்பினும், அது சோம்பலுக்குச் சாக்கெனக் கருதப்படுதலும் உண்டு. இத்துன்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு, கணினியின்றியே ஆடத்தக்க ஒரு விளையாட்டை ஈண்டு விளக்குவோம்.

வகுப்பை நால்வர் நால்வராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு சிலேட்டும் சில அட்டைகளும் அளிக்க. ஆசிரியர் மேசைமேல் 'கடலூர்', 'சிதம்பரம்' எனப் பெயரிட்ட இரண்டு பெட்டிகள் இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றினுள்ளும் பாடவாரியாக அறைகள் இருக்க. குழுவினர் சிலேட்டில் சிறு பத்தியொன்று எழுதுவர். விரும்பியபோது அதனை அட்டையிற் பெயர்த்துக் கடலூர்ப் பெட்டியில் இடலாம்.

முதற் சுற்றில், ஆசிரியர் முன்னறிவிப்பின்றி மணியடித்து, "மின்சாரம் நின்றது!" என்பார். சிலேட்டுகள் யாவும் துடைக்கப்படும். பெட்டியில் உள்ள சொற்களுக்கே மதிப்பெண். முழுதும் எழுதி முடித்தபின் சேமிப்போம் என்றிருந்தோர் வெறுங்கையராவர்.

இரண்டாஞ் சுற்றில், ஒரு குழுவின் அட்டையை மற்றொரு குழு ஒரு நிமிடத்துள் தேடி எடுத்தல் வேண்டும். 'புதியது', 'கடைசி' என்னும் பெயர்கள் எத்துணைப் பயனற்றவை என்பதும், 'வரலாறு, கெடிலம் ஆறு, சூன் 12' என்பது போன்ற பெயரின் அருமையும் அப்பொழுது தாமே விளங்கும்.

மூன்றாஞ் சுற்றில் புயல் வருகின்றது. 2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயலை நம்மவர் மறவார். அதனை நினைவூட்டி, ஆசிரியர் கடலூர்ப் பெட்டியை அகற்றிவிடுவார். சிதம்பரப் பெட்டியில் மற்றொரு படி வைத்தவரே வென்றவராவர்.

ஆட்டம் முடிந்தவுடன் மாணாக்கரைக் கணினிக்கு அழைத்துச் செல்க. சிலேட்டு என்பது மின்சாரம் உள்ளவரை மட்டும் நிற்கும் தற்காலிக நினைவகம், அட்டை, கோப்பு, அறை, கோப்புறை, கடலூர்ப் பெட்டி, கணினியின் வட்டு, சிதம்பரப் பெட்டி, பென்டிரைவ் அல்லது இணையச் சேமிப்பு. அதே பெயரிற் சேமித்தால் பழைய எழுத்தின்மேல் புதியது ஏறிவிடும். வேறு பெயரிற் சேமித்தால் இரண்டும் நிற்கும் என்பதனையும் இவ்விடத்தே காட்டுக.

ஒன்று கருதத்தக்கது. தோற்ற குழுவை நகைத்தல் ஆகாது. இங்கே இழப்பது இரண்டு வரியே. அவ்விரண்டு வரியின் வருத்தம் பிற்காலத்தில் இருநூறு பக்கங்களைக் காக்கும். இடையிடையே சேமித்தல், தெளிந்த பெயரிடுதல், வேறோரிடத்தும் ஒரு படி வைத்தல் என்னும் இம்மூன்றும் விரலின் பழக்கமாதல் வேண்டும். தம் உழைப்பைத் தாமே மதிப்போர் அதனைக் காக்கவும் கற்பாராக.