வெலிமடையிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். விமான அட்டவணைப்படி பயணம் சுமார் ஒரு மணி நேரம். உறவுகளைத் தேடியும் மருத்துவத்துக்கும் கோயில்களுக்கும் தமிழ்நாடு செல்லும் மலையகத் தமிழர்கள் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களைத்தான். எண்களில் பிழையில்லை. ஆனால் வெலிமடையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுபவருடைய பயணத்தில் அவை ஒரு சிறு பகுதிதான். ஊவா மலையில் தூரத்தை மணிக்கணக்கில், அதுவும் வீட்டு வாசலிலிருந்து அளப்பதே பொருந்தும்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். பயணிகள் ஜெட் விமானம் உயரே மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் கூடுதலாகப் பறக்கும். அந்தக் கணக்கில் 420 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் போதுமே என்று தோன்றும். அட்டவணை நேரமோ, விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனைத் தரிப்பிடத்தில் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறுவதும் இறங்குவதும் குறும்பயணத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்களே.

தரையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. வெலிமடையிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 120 கிலோமீட்டர்கூட இல்லை. நுவரெலியா, கண்டி வழியே போனால் 200ஐத் தாண்டும்; ஆறு மணி நேரமாவது ஆகும். கோச்சியிலும் இதே கதைதான். கொழும்பும் பதுளையும் நேர்கோட்டில் 130 கிலோமீட்டரை ஒட்டியிருக்க, தண்டவாளம் 292 கிலோமீட்டர் நீள்கிறது. கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொலவுக்கு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதற்குக் கொடுக்கும் விலை அது. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும் என்பதையும் கூட்டினால் மொத்தம் பத்து மணி நேரம். அதில் விமானத்துக்குரியது ஒன்றே.

மத்தள விமான நிலையம் அருகில்தானே என்று கேட்கலாம். உண்மைதான், வெலிமடைக்கு அது நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர்தான். 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்து ஸ்ரீலங்கன் விமான சேவை 2015இல் விலகிக்கொண்டது. நமக்கு வேண்டிய விமானம் இல்லாத நிலையம் எவ்வளவு பக்கத்தில் இருந்தும் பயனில்லை. மலையிலேயே ஒன்று கட்டலாம் என்போரும் உண்டு. ஜெட் விமானத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சமதளம் வேண்டும். சுற்றிலும் சிகரங்களும் மூடுபனியும் உள்ள இடத்தில் அதைத் தேடுவது கடினம்.

எனவே நம் பயணத்தைக் குறைக்கப்போவது புதிய ஓடுபாதை இல்லை. மண்சரிவில் அடைபடாத சாலையும், விமான நேரங்களுக்கு இசைந்து பதுளையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேராக ஓடும் பஸ்ஸும்தான். அவற்றையே கேட்டுப் பெற வேண்டும். அதுவரை, விமானச்சீட்டு எடுக்கும் முன் மலையிறங்கும் நேரத்தை முதலில் கணக்கிடுங்கள். மழைக்காலமென்றால் முந்தைய நாளே புறப்படுங்கள்.