உலை அரிசியும் எலோ எண்ணும்

எங்கள் வீட்டில் அரிசி அளக்க ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. அம்மா உலை வைக்கும் நேரத்தில் அடுக்களைப் பக்கம் போனால் ஒரு முணுமுணுப்பு கேட்கும். "அப்பாவுக்கு ஒண்ணு, பெரியவனுக்கு ஒண்ணரை, பாட்டிக்கு அரை..." யார் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று யாரும் அம்மாவிடம் எழுதிக் கொடுத்ததில்லை. நேற்றுப் பானையில் மிஞ்சியதையும், முந்தாநாள் கடைசிப் பந்திக்குப் பற்றாமல் போனதையும் வைத்து அவராகவே போட்டுக்கொண்ட கணக்கு அது. ஊரிலிருந்து அத்தை வந்தால் முதல் நாள் குத்துமதிப்பாகப் போடுவார். மிஞ்சும், அல்லது பற்றாது. மூன்றாம் நாளுக்குள் அத்தையின் அளவு கைக்குப் பிடிபட்டுவிடும்.

செஸ் ரேட்டிங் எப்படிப் போடப்படுகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த அடுக்களையைத்தான் காட்டுவேன். மாதம் பிறந்ததும் சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே வெளியிடும் பட்டியலில் ஒருவர் பெயருக்கு எதிரே 1650 என்றோ 2400 என்றோ ஓர் எண் இருக்கும். அதை அவர் வாங்கிய மதிப்பெண் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துவரும் பெற்றோர் அந்த எண்ணைப் பார்த்துக் கலங்குவதற்கும் அந்த நினைப்புதான் காரணம். உண்மையில் அது நாளைக்கு உலையில் போட வேண்டிய அரிசியின் அளவு. இன்னாரோடு ஆடினால் இவர் எவ்வளவு எடுப்பார் என்ற முன்கணிப்பு, அவ்வளவுதான்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். வெற்றிக்கு 1 புள்ளி, டிராவுக்கு அரை, தோல்விக்குச் சுழியம். 1600 ரேட்டிங் உள்ள சிறுமி 1800 உள்ள ஒருவரோடு உட்காருகிறாள். இருவருக்கும் இடைவெளி 200. ஃபிடேயின் அட்டவணைப்படி 200 இடைவெளிக்கு மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 எடுப்பார், கீழே இருப்பவர் 24. ஆகவே அந்தச் சிறுமிக்காக உலையில் போடப்பட்ட அரிசி 0.24. அவள் ஜெயித்துவிட்டால் சாப்பிட்டது 1. போட்டதற்கும் சாப்பிட்டதற்கும் வித்தியாசம் 0.76. அவளுக்கு இத்தனை போதாது என்று சமையல்காரருக்குப் புரிந்துவிட்டது. டிரா செய்திருந்தால் வித்தியாசம் 0.26. தோற்றிருந்தால் 0.24 அரிசி மிஞ்சியிருக்கும்.

நாளைக்கு எவ்வளவு கூட்டுவது? ஒரே நாள் பசியை நம்பி ஒரு படியைக் கொட்டிவிட முடியாது. இங்கேதான் கரண்டி வருகிறது. அந்த வித்தியாசத்தை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்குகிறார்கள். அந்த எண்ணுக்கு 'கே' என்று பெயர். முதல் 30 ஆட்டம் முடியாத புதியவர்களுக்கும், 2300-ஐத் தொடாத 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கே 40. மற்றவர்களுக்கு 20. ஒருமுறை 2400-ஐத் தொட்டவர்களுக்கு 10. வீட்டுக்குப் புதிதாக வந்த விருந்தாளிக்கும் வளர்கிற பிள்ளைக்கும் பெரிய கரண்டியால் திருத்தம். இருபது வருடமாக அதே பந்தியில் சாப்பிடுகிறவருக்குச் சிட்டிகை அளவில் திருத்தம். நம் சிறுமியின் 0.76-ஐ 40 ஆல் பெருக்கினால் 30.4 புள்ளி ஏறும். எதிரே உட்கார்ந்தவருக்குக் கே 20 என்றால் இறங்குவது 15.2 மட்டுமே. கணக்கு சமமாகவில்லையே என்று தோன்றும். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இந்தச் சமையல் முறையைச் செம்மைப்படுத்தியவர் ஆர்பாட் எலோ. ஹங்கேரியில் 1903-இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போய், மில்வாக்கியில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். விஸ்கான்சின் மாநில செஸ் பட்டத்தைப் பலமுறை வென்ற நல்ல ஆட்டக்காரரும்கூட. ஆனால் பட்டியல் அவரோடு தொடங்கவில்லை. ஜெர்மனியில் ஆன்டன் ஹெஸ்லிங்கர் 1948-இல் ஒரு முறையை வெளியிட்டார். இங்கோல்ஸ்டாட் நகரின் பெயரால் அதற்கு 'இங்கோ' என்று பெயர். அதில் எண் குறையக் குறைய ஆட்டக்காரர் பெரியவர். இங்கிலாந்தில் ரிச்சர்ட் கிளார்க்கின் முறை 1950-களில் வந்தது. அமெரிக்கக் கூட்டமைப்பு 1950-இல் கென்னத் ஹார்க்னஸ் வகுத்த முறையில் தன் முதல் பட்டியலை அச்சிட்டது. அதன் உச்சியில் ரூபன் ஃபைன், 2817.

ஹார்க்னஸின் கணக்கு எளிது. ஒரு போட்டியில் நீங்கள் சந்தித்த எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கை எடுங்கள். பாதிப் புள்ளி எடுத்திருந்தால் அந்தச் சராசரிதான் உங்கள் தரம். பாதிக்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 கூட்டுங்கள், கீழே போனால் 10 கழியுங்கள். விரலால் எண்ணிவிடலாம். ஆனால் நூல் பிடித்துப் போனால் ஓர் இடத்தில் இடறும். 1000 தரமுள்ளவர் 1600 சராசரியுள்ள கூட்டத்தில் ஆடி எல்லா ஆட்டத்திலும் தோற்றால் கணக்கு 1600-இலிருந்து 500 கழிந்து 1100 என்று நிற்கும். ஒரு பருக்கைகூடத் தொடாதவருக்கு நாளைக்குக் கூடுதலாக அரிசி போடச் சொல்கிற கணக்கு அது.

எலோ இதைப் புள்ளியியலின் பக்கம் திருப்பினார். ஒருவர் தினமும் ஒரே தரத்தில் ஆடுவதில்லை. அவருடைய நடுத்தரம் ஒன்று உண்டு, அதைச் சுற்றி ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே. அம்மாவுக்கும் இது தெரியும். அப்பாவுக்கு ஒரு ஆழாக்கு என்பது தினசரி உண்மையில்லை, பல நாட்களின் நடுவளவு. இரண்டு ஆட்டக்காரர்களின் ஏற்ற இறக்கங்கள் மோதும்போது யார் எத்தனை முறை மேலே நிற்பார் என்பதைச் சொல்ல ஒரு வளைவு கிடைத்தது. இடைவெளி பெருகப் பெருக அந்த வளைவு மெல்லத் தட்டையாகும். தோற்றவருக்கு ஏற்றம் என்ற கோளாறு போயிற்று. அமெரிக்கா 1960-இல் இதை ஏற்றது. ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்டு, 1971-இல் முதல் அதிகாரப்பூர்வப் பட்டியலை வெளியிட்டது. அப்போது பட்டியலில் இடம்பெற்றவர்கள் மிகக் கொஞ்சம்.  1980-களின் நடுப்பகுதி வரை உலகத்தின் ரேட்டிங்கை எலோ தானே உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெரிய பந்திக்கு ஒற்றை ஆள் அரிசி அளந்த காலம்! நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ரேட்டிங் பதக்கமல்ல என்று நான் அடித்துச் சொல்வதற்கு 1972-ஐவிட நல்ல சாட்சி இல்லை. அந்த ஆண்டுப் பட்டியலில் பாபி ஃபிஷர் 2785, உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி 2660. இடைவெளி 125. அட்டவணை சொல்வது நூற்றுக்கு 67. ரெய்க்யாவிக்கில் நடந்த உலகப் போட்டியில் இரண்டாம் ஆட்டத்துக்கு ஃபிஷர் வரவேயில்லை, அது ஆடாமலே ஸ்பாஸ்கிக்குப் போனது. மீதி 20 ஆட்டங்கள் பலகையில் நடந்தன. 20 ஆட்டத்துக்கு 67 சதவீதம் என்றால் 13.4 புள்ளி. ஃபிஷர் எடுத்தது 12.5. உலகமே அவரைக் கொண்டாடியது, பத்திரிகைகளின் முதல் பக்கங்கள் எல்லாம் அவர் படம். பானையிலோ 0.9 சோறு மிஞ்சியிருந்தது. 1973 பட்டியலில் அவர் எண் 2780. பட்டம் வென்றவருக்கு 5 குறைந்தது. இதில் பட்டியல் தவறு செய்யவில்லை. அது யார் வென்றார் என்று கேட்கவே இல்லை. எதிர்பார்த்த அளவு சரியா என்று மட்டும் கேட்டது. (அக்காலத்தில் எண்களை ஐந்தின் மடங்காக உருட்டிவிடுவார்கள். 1990-களின் இறுதி வரை அந்தப் பழக்கம் இருந்தது. கைப்பிடி அளவு போய்ச் சிட்டிகை அளவு வந்தது அதற்குப் பிறகுதான்.)

இனி இந்தச் சமையலின் பெரிய சிக்கலுக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஊருக்கு ஊர் படி மாறும். ஓர் ஊரின் ஒரு படி இன்னோர் ஊரில் முக்கால் படி. சந்தையில் இரண்டு ஊர்க்காரர்களும் சந்தித்துக் கொடுக்கல் வாங்கல் நடந்தால்தான் எந்தப் படி எந்தப் படிக்குச் சமம் என்பது தெரியவரும். ரேட்டிங்கும் அப்படியே. 2000 என்ற எண்ணுக்குத் தனியாக எடை கிடையாது. யாரோடு ஆடி வந்த 2000 என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் அதன் படி அந்தக் கூட்டத்துக்குள் மட்டுமே செல்லும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலச் சிறையில் இருந்த கிளாட் பிளட்குட்டின் கதை இதைக் கண்முன் நிறுத்தும். சிறைக்குள் புதிது புதிதாகக் கைதிகள் வருவார்கள், தங்களுக்குள் ஆடி ஒரு ரேட்டிங் பெறுவார்கள், பிளட்குட்டிடம் தோற்பார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு சிட்டிகை அவர் பாத்திரத்துக்குள் விழும். வெளியிலிருந்து ஒரு வலுவான ஆள் வந்து அளவைச் சரிபார்க்க வழியில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகு, 1996-இல், நாட்டின் பட்டியலில் அவர் 2700-க்கு மேல் ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். அவர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் கிராண்ட்மாஸ்டர்களின் பந்தியில் அவர் உட்கார்ந்ததில்லை. சூத்திரத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, மூடிய சமையலறைதான் பிசகு.

இதே மூடிய சமையலறைதான் 1987 ஜனவரி பட்டியலுக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது. பெண்கள் பெரும்பாலும் பெண்கள் போட்டிகளிலேயே ஆடுகிறார்கள், அதனால் அவர்களுடைய படி சிறிதாகிவிட்டது என்று கூறி, ஃபிடே பட்டியலில் இருந்த பெண்களுக்கு ஒட்டுமொத்தமாக 100 புள்ளி கூட்டியது. ஒருவருக்கு மட்டும் இல்லை. ஹங்கேரியின் சூசன் போல்கார், அப்போது 17 வயது. அவர் பெரும்பாலும் ஆண்களோடு ஆடியவர், அவருடைய எண் ஏற்கெனவே சரி என்பது வாதம். விளைவு, பெண்களில் முதலிடத்தில் இருந்தவர் ஒரே இரவில் அந்த இடத்தை இழந்தார். சிக்கலை ஃபிடே சரியாகவே கண்டது என்று நான் நினைக்கிறேன், மருந்துதான் அநியாயம். கலந்து ஆடி, ஆட்டக் கணக்கால் திருத்தியிருக்க வேண்டிய இடைவெளியைத் தீர்மானம் போட்டு நிரப்பினார்கள். கலந்து ஆடுவதுதான் வழி என்று முன்பே நடந்து காட்டிய பெண்ணுக்கு அது தண்டனையாக முடிந்தது. இரண்டே ஆண்டில், 1989 ஜனவரியில், அவருடைய தங்கை ஜூடித் 12 வயதில் 2555 என்ற எண்ணோடு பெண்கள் எல்லோருக்கும் மேலே வந்தார். அந்தக் குடும்பத்தைத் தாண்டி அளவு போட அன்றைக்கு யாராலும் முடியவில்லை.

பட்டியல் எப்போது வெளிவருகிறது என்பதும் சின்ன விஷயமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும் மளிகைக் கடைக்கும் மாதாமாதம் பார்க்கும் கடைக்கும் உள்ள வித்தியாசம். முதலில் ஆண்டுக்கு ஒன்று, 1981 முதல் இரண்டு, 2000 முதல் நான்கு, 2009 முதல் ஆறு, 2012 ஜூலை முதல் மாதந்தோறும். இடையில் ஒரு ரசீது விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை நாம் 2007 ஏப்ரலில் பார்த்தோம். மொரேலியாவிலும் லினாரஸிலும் நடந்த போட்டியைச் சேர்க்காமல் முதலில் பட்டியல் வந்தது, உச்சியில் பல்கேரியாவின் டோபலோவ். அந்தப் போட்டியை வென்றவர் விஸ்வநாதன் ஆனந்த். எதிர்ப்பு எழுந்தது. ரசீதைச் சேர்த்துத் திருத்திய பட்டியலில் ஆனந்த் 2786 புள்ளியோடு முதன்முறையாக உலகின் முதலிடத்தில் இருந்தார்.

சமமாகாத கணக்குக்கு இப்போது திரும்புகிறேன். 1200 என்று பட்டியலில் நுழைந்த ஒரு பையன் ஆறு மாதப் பயிற்சியில் 1700 தரத்துக்கு வளர்ந்துவிடுகிறான். அவன் எண் இன்னும் 1200-இல்தான் இருக்கிறது. சென்னையில் ஒரு திறந்தநிலைப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு விடுமுறையில் ஆட வரும் நடுவயதுக்காரர்கள் இந்தப் பிள்ளைகளிடம் தோற்று, தங்கள் திறமை குறையாமலே எண்ணை இழந்துவிட்டுப் போவார்கள். வளர்கிற பிள்ளையின் பசிக்குப் போட்ட அரிசி பெரியவர்களின் தட்டிலிருந்து போகக்கூடாது. அதற்காகத்தான் பிள்ளைக்குப் பெரிய கரண்டி. அவன் ஏறுகிற அளவுக்கு மற்றவர் இறங்க வேண்டியதில்லை, மீதி பட்டியலுக்கு வெளியிலிருந்து வருகிறது. அதுவும் போதாமல் 2024 மார்ச் 1 அன்று ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரே ஒருமுறை திருத்தம் செய்தது. 2000-க்கு எத்தனை குறைகிறதோ அதில் ஐந்தில் இரண்டு பங்கு கூட்டல். 1000 இருந்தவர் 1400, 1500 இருந்தவர் 1700, 1900 இருந்தவர் 1940. அத்தோடு பட்டியலில் நுழையும் கடைநிலையும் 1400 ஆயிற்று. இது 1987-இன் தீர்மானம் போலத் தோன்றினாலும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே விதி எல்லோருக்கும் ஒன்றுதான், யாரும் பெயர் சொல்லி விலக்கப்படவில்லை.

ஆனந்த் 1986 ஜூலை பட்டியலிலிருந்து இந்தியாவின் முதல் எண்ணாக இருந்தவர். 37 ஆண்டுகள். 2023 செப்டம்பர் பட்டியலில் அந்த இடத்துக்கு இன்னொரு சென்னைப் பிள்ளை, 17 வயது குகேஷ் வந்தார். குகேஷ் 2758, ஆனந்த் 2754. இடைவெளி 4. ஃபிடே அட்டவணையில் 4 புள்ளிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கே எடுத்துப் பார்த்தேன். இருவரும் 100 ஆட்டம் ஆடினால் இவருக்கு 51, அவருக்கு 49.