வந்தவரும் இருந்தவரும்

கூடைப்பந்து பிறந்த நாளில் அணி பொறுக்கும் தொல்லை எவருக்கும் இல்லை. 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரிடம் பதினெட்டு மாணவர் கொண்ட வகுப்பு ஒன்று இருந்தது. ஒன்பது பேரை இந்தப் பக்கம் நிறுத்தினார்; ஒன்பது பேரை அந்தப் பக்கம் நிறுத்தினார்; பந்தை மேலே எறிந்தார். அணி அமைந்துவிட்டது! அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். நம் பக்கத்துப் பள்ளித் திடல்களில் இந்த ஆட்டம் வேரூன்றியதற்கு அங்கே பயின்ற ஆசிரியர்கள் பெருங்காரணம்.

இன்று நம் விடுதி நண்பர்கள் பலர் விடியற்காலையில் கைப்பேசியில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “சென்ற ஆண்டு வேறொரு கல்லூரிச் சட்டையில் ஆடியவன் இந்த ஆண்டு இங்கே எப்படி வந்தான்? இது கல்லூரி அணியா, கூலிப்படையா?” என்று கேட்கிறார்கள். என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. கோலார் தங்கவயலில், எங்கள் ஆண்டர்சன்பேட்டையில், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் கூடைப்பந்து அணி ஒன்றுக்குப் பட்டியல் எழுதுகிறவன் நான். வாரம் முழுவதும் பெங்களூரில் உழைத்துவிட்டு, ஒரு நாள் மட்டும் கையில் அகப்படும் பன்னிரண்டு இளைஞர்கள் எங்கள் அணி. பயிற்சியாளர் என்று என்னைச் சொல்வது மிகை. ஆனாலும் யாரை வைத்துக்கொள்வது, யாரை அழைப்பது, யாரை உட்கார வைப்பது என்ற கவலையை ஓரளவு அறிவேன்.

முதலில் விதியைப் பார்ப்போம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை ஆளும் பெரிய சங்கத்தின் பெயர் என்.சி.ஏ.ஏ. அதன் முதல் பிரிவில் ஆடவர் கூடைப்பந்துக்கு மட்டும் ஏறத்தாழ 360 கல்லூரிகள் உள்ளன. முன்பெல்லாம் அங்கே ஒரு மாணவன் ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றுக்குப் போனால், புதிய இடத்தில் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், வேறு கல்லூரி உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொள்ள வேண்டுமானால் பழைய கல்லூரியின் இசைவு வேண்டும். 2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற மாற்றப் பதிவேடு வந்தது. இசைவு கேட்கும் வழக்கம் போயிற்று, பெயரைப் பதிந்தால் போதும் என்றாயிற்று. 2021இல் ஒரு முறை மாறுகிறவன் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். வழக்குகள் நடந்தன. 2024இல், படிப்பில் தேறி வருகிறவன் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்ற நிலை வந்துவிட்டது.

பழைய விதியை ஒழுக்கத்தின் பெயரால் புகழ்கிறவர்கள் உண்டு. அந்தப் புகழ்ச்சியை என்னால் ஏற்க முடியவில்லை. மாணவன் மாறினால் ஓராண்டுத் தண்டனை. அவனை வீடு தேடி வந்து அழைத்த பயிற்சியாளரோ மறுநாளே கூடுதல் ஊதியத்துக்கு வேறு கல்லூரிக்குப் போகலாம். ஒருவனைக் கட்டிப்போட்டு மற்றவனைத் திறந்துவிடும் முறைக்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது எந்த ஊர் வழக்கு?

ஆயினும், கதவு திறந்த பிறகு அணி கட்டுகிறவன் பாடு பெரும்பாடுதான். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஒரு பக்கத்துக்கு ஐவர். ஆக, பயிற்சியாளர் கையில் பங்கிடுவதற்கு இருப்பவை 200 நிமிடங்கள். இவை ஒருபோதும் 201 ஆகா. 2025 வரையில் ஓர் அணியில் உதவித்தொகை பெறுவோர் 13 பேர். அதன் பிறகு 15 பேர் வரை இருக்கலாம் என்றார்கள். ஆனால் உண்மையில் நிறைய நேரம் ஆடுகிறவர் எட்டுப் பேர், மிஞ்சினால் ஒன்பது பேர். மற்றவர்கள்? நாள்தோறும் அதே பயிற்சி, அதே ஓட்டம், அதே வியர்வை; ஆட்டத்தன்று மட்டும் துண்டைப் பிடித்துக்கொண்டு பலகையில் இருக்கை. முன்பு அவர்களுக்கு வேறு போக்கில்லை. இன்று பதிவேடு இருக்கிறது. ஆகவே பருவம் முடிந்த மறுவாரமே அணி கலைகிறது. எந்த ஐந்து பேரைப் புதிதாக அழைப்பது என்பதைவிட, யாருக்கு எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே முகத்துக்கு நேரே சொல்லும் துணிவுதான் இக்காலப் பயிற்சியாளருக்கு முதல் தகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசை காட்டி அழைத்தவன் அடுத்த ஆண்டு இருக்க மாட்டான்.

இனி ஒரு கதையைச் சொல்கிறேன். இது 2023 மார்ச்சு மாதம் தொடங்குகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதிப் போட்டித் தொடரில் 68 அணிகள் நுழைகின்றன. அவற்றை நான்கு வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுக்கிறார்கள். முதல் அணி பதினாறாம் அணியோடு மோதும். முதல் அணி வெல்லும். இது ஏறக்குறையச் சடங்கு. அவ்வாண்டு பர்டூ பல்கலைக்கழகம் முதலிடம். அதன் நடுவீரர் சாக் ஈடி ஏழடி நாலங்குல உயரம். எதிரில் ஃபேர்லி டிக்கின்சன் என்ற சிறிய பல்கலைக்கழகம். முந்தைய ஆண்டு அது நான்கே ஆட்டங்களில் வென்ற அணி. நாட்டிலேயே மிகக் குள்ளமான அணி. ஆட்டம் முடிந்தபோது 63-58. வென்றது குள்ளர் அணி!

எப்படி? 2022இல் அங்கே புதிய பயிற்சியாளராக வந்தவர் டோபின் ஆண்டர்சன். (எங்கள் பேட்டைக்கும் இவருக்கும் உறவு தேட வேண்டாம்.) அவர் இரண்டாம் பிரிவிலிருந்த செயின்ட் தாமஸ் அக்வைனஸ் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தவர். வரும்போது தம்முடைய பழைய மாணவர் மூவரையும் அழைத்துவந்தார். புகழ்பெற்ற பெரிய ஆட்டக்காரர்களைத் தேடிப் போகவில்லை. தம் முறை தெரிந்த மூவரைக் கொண்டுவந்து நட்டார். அவர்களில் டெமெட்ரி ராபர்ட்ஸ் ஐந்தடி எட்டங்குலம்தான். இன்னொருவரான ஷான் மூர் அன்று 19 புள்ளிகள் எடுத்தார். பதிவேட்டை இப்படியும் பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை. புதியவர் மூவர், ஆனால் ஒருவருக்கொருவர் பழையவர்.

தோற்ற பர்டூவில் என்ன நடந்தது? அங்கே 2005 முதல் பயிற்சியாளர் மாட் பெயின்டர். நாடே சிரித்தது. அந்த நிலையில் வேறொருவராக இருந்தால் அணியைக் கலைத்து, பதிவேட்டில் வலை வீசி, பத்துப் புதுமுகங்களைக் கொண்டு வந்திருப்பார். பெயின்டர் தம் முக்கிய ஆட்டக்காரர்களைக் கைவிடவில்லை. ஈடியும் திரும்பி வந்தார். வெளியிலிருந்து முக்கியமாக ஒருவரை மட்டும் சேர்த்தார். தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த லான்ஸ் ஜோன்ஸ், விரைவாக ஓடித் தடுக்கும் ஆட்டக்காரர். குள்ளர்களின் வேகத்தில் சிக்கித் தோற்ற அணிக்கு எது குறையோ, அதை மட்டும் வாங்கினார். 2024 ஏப்ரலில் பர்டூ இறுதி ஆட்டத்தில் நின்றது. கனெக்டிகட் அணியிடம் 75-60 என்று தோற்றது. ஈடி மட்டும் 37 புள்ளிகள். அதே பர்டூவில் டிரே காஃப்மன்-ரென் என்றொருவர் உண்டு. முதலாண்டு முழுவதும் ஆடாமல் பயிற்சி மட்டும் பெற்றுப் பொறுத்திருந்தார். அதன் பின்னும் ஈடியின் நிழலில் இருந்தார். 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி இருபது புள்ளி எடுக்கும் தலைமை ஆட்டக்காரர் ஆனார். இத்தகையோர் இப்போது அருமை. ஒருவன் அப்படி இருக்க வேண்டுமானால், ‘உன் நாள் வரும்’ என்று சொன்னவருடைய சொல்லுக்கு மதிப்பிருக்க வேண்டும்.

ஃபேர்லி டிக்கின்சனுக்குத் திரும்புவோம். அடுத்த சுற்றில் அது ஃபுளோரிடா அட்லான்டிக் அணியிடம் தோற்றது. அந்த அணியில் அலீஜா மார்ட்டின் என்ற இளைஞர் ஆடினார். பெயரை நினைவில் வையுங்கள். தோற்ற சில நாளில் ஆண்டர்சன் அயோனா பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். ஓராண்டுக் காத்திருப்பு அவருக்கு இல்லை! அயோனாவில் இடம் காலியானது ஏன்? அங்கிருந்த ரிக் பிட்டினோ செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிட்டினோ போனதும் அவரிடம் ஆடிய வால்டர் கிளேட்டன் பதிவேட்டில் பெயர் எழுதினார். ஆனால் குருவின் பின்னால் போகாமல், தம் சொந்த மாநிலமான ஃபுளோரிடாவின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இவ்வளவும் ஒரு வசந்தத்தில் நடந்தவை. ஒரு நாற்காலி நகர்ந்தால் எத்தனை நாற்காலி நகர்கிறது, பாருங்கள்.

2025 ஏப்ரலில் அந்த ஃபுளோரிடா அணி ஹூஸ்டனை 65-63 என்று வென்று சாம்பியன் ஆயிற்று. கடைசி நொடியில் ஹூஸ்டன் வீரர் பந்தை எறிய எழும்பியபோது, பாய்ந்து வந்து எறியவிடாமல் செய்தவர் கிளேட்டன். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. கூட ஆடியவர் முன்சொன்ன அலீஜா மார்ட்டின். வில் ரிச்சர்டு பெல்மான்ட்டிலிருந்து வந்தவர். ரூபன் சின்யெலு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து வந்தவர். தொடக்க ஐவரில் ஃபுளோரிடாவிலேயே முதலாண்டு சேர்ந்தவர் அலெக்ஸ் காண்டன் ஒருவர்தாம்; அவரும் ஆஸ்திரேலியர்! அப்படியானால் கூலிப்படை என்று சொன்ன நண்பர் சரிதானே?

இல்லை என்பேன். ரிச்சர்டு அங்கே மூன்று பருவம் ஆடினார். கிளேட்டன் இரண்டு பருவம். பயிற்சியாளர் டாட் கோல்டன் ஆண்டுதோறும் ஐவரையும் மாற்றவில்லை. வந்தவரை இருக்கச் செய்து, அவர்களைச் சுற்றி அடுத்தவரை அமைத்தார். பிட்டினோவும் இடம்மாறி வந்தவர்களைக் கொண்டே செயின்ட் ஜான்ஸை அதே பருவத்தில் தன் குழுமத்தின் முதலிடத்துக்கு ஏற்றினார். அங்கும் சிறந்து நின்ற ஆர்.ஜே. லூயிஸ், சூபி எஜியோஃபர் இருவரும் முதலாண்டு வந்த புதியவர் அல்லர். வந்தவன், இருந்தவன் என்ற பிரிவு, எத்தனை நாள் சேர்ந்து ஆடினார்கள் என்ற கேள்விக்கு முன்னால் நிற்பதில்லை.

இது எனக்கு எளிதாகப் புரிவதற்கு நான் பிறந்த ஊரே காரணம். எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பாட்டியைக் கேட்டாலும் வடார்க்காடு, சேலம், சித்தூர் என்று ஓர் ஊர்ப்பெயர் வரும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பின்பு, தங்கச் சுரங்கத்துக்காக வந்து இறங்கியவர்கள் எங்கள் முன்னோர். ஆண்டர்சன்பேட்டையில் பூர்வீகர் என்று மார்தட்ட எவரும் இல்லை. நான்கு தலைமுறை இருந்தோம், அதனால் ஊர்க்காரர் ஆனோம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், மறுபடியும் புறப்படுகிறவர்கள் ஆனோம். விடியுமுன் மாரிகுப்பத்தில் இரயில் ஏறிப் பெங்களூர் போய் இரவு திரும்புகிறவர் ஆயிரக்கணக்கில். இடம் மாறுகிறவனைத் துரோகி என்று சொல்ல எங்கள் ஊரில் நாக்கு எழாது.

புதிய முறையின் கெடுதியையும் சொல்லத்தான் வேண்டும். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் படத்தையும் விற்றுப் பணம் பெறலாம் என்றானது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்றானது. ஆட்டக்காரர் உழைப்பில் பங்கு ஆட்டக்காரருக்குக் கிடைப்பது நியாயமே. ஆனால் சிறிய கல்லூரி ஒருவனைத் தேடி எடுத்து, இரண்டாண்டு வளர்த்து, அவன் முற்றும்போது பெரிய கல்லூரி பறித்துக்கொண்டு போகிறது. 2025இல் பதிவேடு திறந்தது மார்ச்சு 24ஆம் நாள்; போட்டித் தொடர் நடுவழியில் இருந்தது! வென்றுகொண்டிருக்கும் பயிற்சியாளர் பகலில் எதிரணியை ஆராய்ந்து, இரவில் அடுத்த ஆண்டு ஆளுக்குத் தொலைபேசியில் பேச வேண்டியதாயிற்று. வர்ஜீனியாவின் டோனி பென்னட், 2018இல் பதினாறாம் தர அணியிடம் முதன்முதலாகத் தோற்று, மறு ஆண்டே சாம்பியன் ஆன பெருமையுடையவர், இச்சூழலுக்கு நான் ஏற்றவன் அல்லேன் என்று 2024 அக்டோபரில் விலகிக்கொண்டார்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. 2025இல் அந்தப் பதிவேட்டில் பெயர் எழுதிய ஆடவர் கூடைப்பந்து மாணவர் இரண்டாயிரத்துக்கு மேல். எல்லோரும் கிளேட்டன் ஆவதில்லை. பலருக்கு முன்பிருந்ததைவிடச் சிறிய கல்லூரி. சிலருக்கு எந்தக் கல்லூரியும் இல்லை. மாறும்போது படித்த பாடங்களில் சிலவற்றைப் புதிய கல்லூரி ஏற்பதில்லை. ஆட்டம் நான்காண்டில் முடிந்துவிடும். பட்டம் முடியாமல் நிற்கும்.

நம் நாட்டிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர்களுக்கு இது வெளிநாட்டுச் செய்தி அன்று. எங்கள் ஞாயிற்றுக்கிழமை அணியில் ஒருவன், மூன்றாம் செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் வந்து, “அண்ணே, பெங்களூர்ல ஒரு காலேஜ்ல கூப்பிடறாங்க. ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம். போகட்டுமா?” என்று கேட்டான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எழுதி முடித்த தாள்களை ஏற்பார்களா, அவன் ஆடும் இடத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், இரண்டையும் கேட்டு வரச் சொன்னேன். ஒரு செமஸ்டர் தாள்களை மட்டும் ஏற்பார்களாம். அவன் இடத்தில் இருவர் ஏற்கனவே இருந்தார்கள். தெரிந்தே போனான். வீட்டில் கட்டணம் கட்ட வழியில்லை. அவன் கணக்கில் அது பெரிய புள்ளி. இப்போது இரண்டு ஞாயிறுக்கு ஒரு முறை இரயிலேறி ஊருக்கு வருகிறான். அங்கே ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் கிடைக்கிறதாம். இங்கே நாற்பது நிமிடமும் ஆடிவிட்டுப் போகிறான்.