ஜவ்வரிசி எந்த ஊர் அரிசி?

தொங் சுயி. கான்டனீஸ் மொழியில நேரா சொன்னா 'சர்க்கரைத் தண்ணி'. சாப்பாட்டுக்கு அப்புறமோ, ராத்திரி பசிக்கோ, சீனர்கள் கிண்ணத்துல ஊத்திச் சாப்பிடுற இனிப்பு சூப். ஆபீஸ் வேலையா சிங்கப்பூர் போனப்போ, சைனாடவுன் காம்ப்ளக்ஸ் ஹாக்கர் சென்டர்ல அதுல ஒரு வகை சாப்பிட்டேன். பேரு சாய் மாய் லோ. தேங்காய்ப்பால், சர்க்கரை, வெந்த சேப்பங்கிழங்குத் துண்டு, கண்ணாடி மணி மாதிரி ஜவ்வரிசி, மேல கொஞ்சம் ஐஸ். நம்ம பாயசத்துக்குத் தங்கச்சின்னு வெச்சுக்கோங்க. நெய், ஏலக்காய் கிடையாது, தித்திப்பும் கம்மி. ரெண்டாவது கிண்ணமும் ஈஸியா உள்ள போகுது.

அங்க பக்கத்துலயே ஒரு தெரு இருக்கு, பேரு சேகோ ஸ்ட்ரீட். 1840-கள்ல அங்க ஜவ்வரிசி ஆலைகள் இருந்துச்சு, அதான் பேரு. அப்போ ஜவ்வரிசிங்கறது கிழங்கு மாவு இல்ல. சதுப்பு நிலத்துல வளர்ற சேகோ பனையைப் பூக்கறதுக்கு முன்னாடி வெட்டி, தண்டுக்குள்ள இருக்கற மாவை எடுத்து உருட்டுவாங்க. நமக்கும் அந்தப் பக்கத்துல இருந்து கப்பல்லதான் வந்துச்சு. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆச்சுன்னு சொல்றாங்கல்ல, அது இதனாலதான்.

1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான் கையில விழுந்துச்சு. சரக்கு நின்னு போச்சு. அடுத்த வருஷம், 1943-ல, சேலத்துல மீன் வியாபாரம் பண்ணிட்டிருந்த மாணிக்கம் செட்டியார், பெனாங்குல இருந்து வந்த போபட்லால் ஷாவோட சேர்ந்து மரவள்ளிக் கிழங்குல ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சார். பனை போச்சு, கிழங்கு வந்துச்சு. இன்னிக்கு சாய் மாய் லோவுல மிதக்கற மணியும் பெரும்பாலும் மரவள்ளிதான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

செய்முறை ரொம்ப சிம்பிள். கிழங்கை அரைச்சு, பாலைப் பிழிஞ்சு, மாவைத் தொட்டியில படிய விடணும். ஈர மாவைக் குலுக்கினா உருண்டையா திரளும். சூடான தட்டுல வறுத்தா மேல்தோல் மட்டும் பசையாகி இறுகும், அதனாலதான் கொதிக்கற தண்ணியில போட்டாலும் மணி உடையறதில்ல. வேகும்போது வெளியில இருந்து உள்ள நோக்கித் தெளியும். நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி நிக்கும்போது அடுப்பை அணைச்சு மூடி வைங்க, அப்புறம் பச்சத்தண்ணியில அலசுங்க. கூழாகாது.

சேலம், நாமக்கல் ஆலைகளுக்குக் கிழங்கு போற இடங்கள்ல ஒண்ணு கொல்லிமலை. அங்க 14 நாடு. தேவனூர் நாடு அதுல ஒண்ணு. முன்னாடி சாமை, தினை, கேழ்வரகு விளைஞ்ச சரிவுல இப்போ மரவள்ளி. ஏன் மாத்தினீங்கன்னு அங்க ஒரு அக்காகிட்ட கேட்டேன். "கிழங்குன்னா மொத்தமா காசு வரும் தம்பி. சாமையை உரல்ல குத்தறது யாரு, நான்தானே?" சிறுதானியம்னாலே ஆரோக்கியம்னு நாம பேசறப்போ இந்த உலக்கை கணக்குலயே வர்றதில்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில சாமையைக் காப்பாத்த இறங்கினப்போ, அரவை மெஷினையும் கொண்டு வந்ததுக்குக் காரணம் இதுதான்.

ஆனா கிழங்குக் காசும் நிச்சயம் கிடையாது. மூட்டைக்கு ஒரே விலை இல்ல. கிழங்குல எவ்வளவு மாவு இருக்குன்னு ஆலையில 'பாயிண்ட்' போட்டுத்தான் விலை. மழை பெஞ்ச கையோட பிடுங்கினா பாயிண்ட் இறங்கும். பிடுங்கின கிழங்கை வெச்சுக்கவும் முடியாது, ரெண்டு மூணு நாள்ல கறுத்துடும். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த லோடை, விலை பிடிக்கலன்னு யாரும் திரும்ப மேல ஏத்தறதில்ல.